பத்தொன்பதாம் நம்பர் செட்

என் மேஜையின் பாதியை இரண்டு வருஷங்களாக ஓர் இரும்புப் பெட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. மங்கிப்போன ராணுவ வர்ணமும், முகப்பு நிறையக் குமிழ்களும் சுவிட்சுகளும், ஒவ்வொரு குமிழின் அருகிலும் ஆங்கிலத்தில் ஒரு பெயரும், அதனோடு ஒட்டி அதே பெயர் ருஷ்ய எழுத்திலுமாக அமைந்த அந்தப் பெட்டியை, சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தம் வீட்டுப் பரணிலிருந்து இறக்கி என் கையில் ஒப்படைத்தார். அப்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, இதைப் பேச வையுங்கள், ஆனால் புதுசாக்கி விடாதீர்கள்.” அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் எனக்கு முழுவதும் விளங்குவதற்குச் செட்டில் பாதி வேலை முடியவேண்டியிருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சேனையின் டாங்கிகளுக்கென்று செய்யப்பட்ட இந்தச் சாதனத்துக்கு ‘வயர்லெஸ் செட் நம்பர் 19’ என்பது அதிகாரபூர்வமான பெயர். கேம்பிரிட்ஜ் நகரத்துப் பை கம்பெனியார் 1940-41-ஆம் ஆண்டுகளில் இதை உருவாக்கினர். இதன் விசேஷம் யாதெனில், மூன்று வேறு தேவைகளுக்கான மூன்று கருவிகளை ஒரே பெட்டிக்குள் அடக்கியிருந்ததுதான். தூரத்திலிருக்கும் தளபதியோடு பேசுவதற்கு 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் ‘ஏ’ செட். பக்கத்தில் ஊர்ந்துவரும் மற்ற டாங்கிகளோடு பேசுவதற்கு 229 முதல் 241 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதி உயர் அதிர்வெண்ணில் ‘பி’ செட். எஞ்சினின் பேரிரைச்சலுக்கு நடுவே டாங்கிக்குள் இருக்கும் வீரர்களே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கு ஒரு சிறு ஒலிபெருக்கி. அனைத்துக்கும் சேர்த்து 15 வால்வுகள். ஓடுகின்ற டாங்கியிலிருந்து ‘ஏ’ செட்டின் பேச்சு சுமார் 10 மைல் சென்றது. ‘பி’ செட்டின் பேச்சோ ஒரு மைலுக்குள் அடங்கியது. அது குறைபாடன்று, எதிரியின் காது எட்டாத தூரத்தில் பேச்சை முடித்துக்கொள்ளவேண்டும் என்பதே அதை அமைத்தவர்களின் நோக்கம்.

பிரிட்டிஷ் டாங்கிகளில் வயர்லெஸ் ஆபரேட்டர் என்பவனுக்கு வயர்லெஸ் மட்டுமே வேலையாக இருந்ததில்லை. பீரங்கிக்குக் குண்டு ஏற்றுகிறவனும் அவனேதான். ஒரு கையில் குண்டும் மறு கையில் குமிழுமாக, குலுங்கும் கோபுரத்துக்குள், தலைக்கு மேலே வெயிலும் கால் அடியில் காலி உறைகளுமாக நின்றவன் நிதானமாக டயலைத் திருகி அலைவரிசை தேடிக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் செட்டின் டியூனிங் குமிழ்களில் சிவப்பு, நீலம் என்று இரண்டு அடையாளங்களோடு ஒரு பூட்டுச் சாதனத்தை அமைத்தார்கள். யுத்தம் தொடங்குவதற்கு முன்பே தலைமை நிலையத்தின் அலையோடு தன் செட்டைச் சுருதி சேர்த்து, அந்த இரண்டு இடங்களிலும் பூட்டி வைத்துவிட்டால், பிறகு கண்ணால் பாராமலே ‘டக்’கென்று ஓர் அலைவரிசையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். நான் முதன்முதலில் அந்தக் குமிழைத் திருகியபோது, எண்பது வருஷத்துப் பூட்டு அதே இடத்தில் ‘டக்’கென்று விழுந்தது; அந்த ஓசை என் விரல் நுனியில் பட்ட மாத்திரத்தில், இதைத் தொட்டுப் பழகிய ஏதோ ஒரு கையின் அவசரம் எனக்குப் புலப்பட்டதாகவே தோன்றியது.

ருஷ்ய எழுத்துக்களின் கதை கனடாவில் தொடங்குகிறது. பிரிட்டனின் ஆலைகள் குண்டுவீச்சுக்கும் ஆட்குறைவுக்கும் நடுவே திணறிக்கொண்டிருந்த காலத்தில், இந்த செட்டைக் கனடாவில் நார்தர்ன் எலக்ட்ரிக், கனடியன் மார்க்கோனி முதலிய ஆலைகள் பெருந்தொகையாகச் செய்து தள்ளின. நேசநாடாகிய சோவியத் ருஷ்யாவுக்கும் உதவிப் பொருள்களில் ஒன்றாக அது அனுப்பப்பட்டது. கனடாவில் கட்டப்பட்ட வாலண்டைன் டாங்கிகளில் மிகப் பெரும்பாலானவை சென்று சேர்ந்ததும் அந்தத் தேசத்துக்குத்தான். ஆகவே ஒரே முகப்பில் இரண்டு பாஷைகளையும் பொறித்துவிட்டார்கள். மாஸ்கோவின் சிப்பாயும் மாண்ட்ரியாலின் சிப்பாயும் ஒரே குமிழைத் தத்தம் எழுத்தில் வாசிக்கலாம் என்னும்படி ஒரு யந்திரம் செய்யப்பட்ட காலம் அது.

உள்ளேயிருக்கும் வால்வுகளில் ஒன்றுக்குத் தனியே ஒரு சரித்திரம் உண்டு. ஈ.எஃப்.50 என்று பெயர். அலுமினியக் குப்பிக்குள் அடங்கிய, ஒன்பது ஊசிகள் கொண்ட, கட்டைவிரலைக் காட்டிலும் சற்றுப் பருத்த வால்வு. ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனி டெலிவிஷனுக்காகச் செய்தது அது. ரேடாருக்கு இதைவிடப் பொருத்தமான வால்வு கிடையாது என்று கண்டறிந்த பிரிட்டிஷார் அதையே நம்பியிருந்தார்கள். 1940 மே மாதம் ஜெர்மானியச் சேனை ஹாலந்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னதாக, ஆயிரக்கணக்கான வால்வுகளும், மேற்கொண்டு வால்வு செய்வதற்கு வேண்டிய அடிப்பாகங்களும் ஏற்றப்பட்ட லாரி ஒன்று எல்லை தப்பிக் கடல் கடந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அந்தச் சரக்கு சில தினங்கள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விமான யுத்தத்தின் சரித்திரம் அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். என் மேஜைமேல் இருக்கும் ஈ.எஃப்.50 அந்த லாரியில் வந்ததன்று. ஆயினும் அந்த வம்சத்தைச் சேர்ந்தது என்ற நினைவோடுதான் அதை அதன் கூட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் கழற்றுகிறேன்.

யுத்தம் முடிந்தது, பெட்டிகள் மலைமலையாகக் குவிந்தன. லண்டனில் லைல் தெரு என்ற சிறு சந்தின் கடைகளில், சேனை வேண்டாம் என்று கழித்த வானொலிகள் நடைபாதை வரையில் அடுக்கப்பட்டு, பள்ளிக்கூடத்துப் பையனும் கைச்செலவுக்கு வைத்திருந்த காசைக் கொண்டு வாங்கும் விலைக்கு விற்றன. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் பறந்த ஆர்.1155 என்னும் ரிசீவர் அவற்றுள் பேர்போனது: 10 வால்வுகள், 75 கிலோஹெர்ட்ஸிலிருந்து 18.5 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் சக்தி. இரவில் வழி தவறிய விமானம் எந்தத் திசையிலிருந்து அலை வருகிறது என்று கணித்துத் தன் இருப்பிடத்தை அறிந்துகொள்வதற்கான திசைகாட்டும் பகுதி அதன் ஒரு மூலையில் இருந்தது. அக்காலத்து வானொலிப் பத்திரிகைகள் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு அவ்விடத்தில் ஓர் ஒலிபெருக்கியையும், வீட்டு மின்சாரத்தில் ஓடுவதற்கான பவர் சப்ளையையும் பொருத்துவது எப்படி என்று மாதம் தவறாமல் படம் போட்டு விளக்கின. எத்தனையோ ஆயிரம் இளைஞர்கள் அப்படியே செய்தார்கள். பத்தொன்பதாம் நம்பர் செட்டுக்கும் அதே கதிதான். ‘பி’ செட் யாருக்கும் பயன்படாததென்று பிடுங்கப்பட்டது. முகப்பில் புதிய துளைகள் போடப்பட்டன.

அந்த இளைஞர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பணமும் பொருளும் அரிதான நாட்களில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பாடப்புத்தகம் அந்தப் பெட்டிதான். அதைப் பிரித்தே அவர்கள் வானொலி கற்றார்கள். அவர்களில் பலர் பின்னாளில் நல்ல எஞ்சினியர்களானார்கள். நம் தேசத்திலும் யுத்தகாலத்துச் சாமான்கள் ‘டிஸ்போசல்ஸ்’ ஏலங்களின் வழியாகப் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. சென்னை மூர் மார்க்கெட்டில் இவற்றைத் தேடி அலைந்த கதைகளைப் பெரியவர்கள் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். 1948-இல் மௌ நகரத்துச் சிக்னல் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலி சங்கம் தொடங்கியபோது, அதைச் சேர்ந்தவர்களுக்கு ராணுவம் கழித்த கருவிகளே பெரும் ஆதாரமாக இருந்தன.

இதைச் சொல்லும்போது தமிழர்கள் எல்லோருக்கும் உறவான வேறொரு யுத்தச் சொத்தையும் நினைக்காமல் இருக்க முடியாது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்கு ஆசியச் சேனைத் தலைமையகம் 1944-இல் கண்டிக்கு மாறிய பிறகு, பர்மாவிலும் அதற்கு அப்பாலும் இருந்த துருப்புகளின் செவிக்கென்று கொழும்பில் ‘ரேடியோ சீயாக்’ என்ற ராணுவ ஒலிபரப்பு நிலையம் அமைந்தது. அதற்காக நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் 1949-இல் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நிலையம் ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. தமிழ்நாட்டின் கிராமத்து டீக்கடைகளில் காலையும் மாலையும் திரைப்பாட்டாக ஒலித்தது சிப்பாய்களுக்கென்று எழுப்பிய அந்த அலைதான். அந்தப் பாட்டுக்காகக் காத்திருந்தவர்களில் அதன் பின்னால் ஒரு சேனை நின்றதை எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்?

இனி என் மேஜைக்குத் திரும்புகிறேன். பழைய ராணுவ வானொலியைக் கையில் எடுப்பவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஆசை ஒன்றுதான்: பேட்டரியை இணைத்து ஓசை வருகிறதா என்று பார்ப்பது. அந்த ஆசைக்கு நான் ஒருமுறை இடம் கொடுத்தேன். பல வருஷங்களுக்கு முன்பு, வேறொரு யுத்தகால ரிசீவர் கிடைத்த அன்றே, இரவு பத்து மணிக்குப் பொறுமையிழந்து மின்சாரத்தைச் செலுத்தினேன். ஒரு நிமிஷம் இனிமையான கரகரப்புக் கேட்டது. இரண்டாவது நிமிஷம் மெழுகு உருகும் வாசனை வந்தது. கை சுவிட்சை எட்டுவதற்குள் ஓசை அடங்கிவிட்டது. கடைசி வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலுள்ள டிரான்ஸ்பார்மரின் முடிபோன்ற கம்பி உள்ளே எரிந்து அறுந்துபோயிருந்தது. ஆலையில் சுற்றப்பட்டு, யுத்தத்தையும் கடலையும் ஏலக்கடையையும் கடந்து பத்திரமாக வந்துசேர்ந்த ஒரு காயிலை, என் இரண்டு நிமிஷ அவசரம் அழித்துவிட்டது. அதற்கு இணையான மற்றொன்று எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

குற்றவாளி ஒரு கண்டென்சர். அலுமினியத் தகட்டையும் காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டி மெழுகில் தோய்த்துச் செய்த பொருள் அது. காகிதமோ காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துத் தன் காப்புத் தன்மையை இழந்துவிடும். அதனால் விளையும் கேட்டை ஒரு கணக்கில் விளக்கிவிடலாம். கண்டென்சரின் ஒரு பக்கத்தில் 250 வோல்ட். மறுபக்கத்தில் கடைசி வால்வின் கிரிட். கிரிட்டிலிருந்து பூமிக்கு 5 லட்சம் ஓம் ரெசிஸ்டர். நல்ல கண்டென்சர் நேர்மின்சாரத்தைச் சிறிதும் கசியவிடாது. அதன் காப்பு 1 கோடி ஓம் என்ற அளவுக்குத் தளர்ந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டரைக் கொண்டு பார்த்தால் அது பழுதற்றதாகவே தோன்றும். ஆனால் அந்தக் கசிவினால் கிரிட்டில் சுமார் 12 வோல்ட் நேர்மின் அழுத்தம் வந்து உட்கார்ந்துவிடும். 6வி6 என்னும் வால்வு கட்டுப்பாட்டில் நிற்பதற்கு வேண்டிய எதிர்மின் அழுத்தமே 12½ வோல்ட்தான்! ஒன்றை ஒன்று ஏறக்குறைய முழுவதும் தின்றுவிட, கடிவாளம் அறுந்த குதிரையைப்போல வால்வு மின்சாரத்தை இழுக்கிறது, டிரான்ஸ்பார்மர் எரிகிறது. ஆகையால் இப்போது என் வழக்கம், எந்தச் செட்டானாலும் ஒவ்வொரு காகிதக் கண்டென்சரின் ஒரு காலையும் பற்றாசு நீக்கி விடுவித்து, அது வேலை செய்யவேண்டிய முழு வோல்ட்டிலேயே கசிவைச் சோதித்துப் பார்த்த பின்புதான் மின்சாரத்தைப் பற்றி நினைப்பது.

சோதித்தால் பெரும்பாலும் ஒன்றும் தேறுவதில்லை. அப்போதுதான் “புதுசாக்கி விடாதீர்கள்” என்ற பெரியவரின் சொல் குறுக்கே வந்து நின்றது. செட்டின் வயிற்றைத் திறந்து பார்த்தால், பழுப்பு நிற மெழுகு உருளைகள் வரிசையாக, ஆலையின் பெயரும் அளவும் அச்சிட்ட காகித மேலாடையோடு காட்சியளிக்கின்றன. அவற்றை வெட்டி எறிந்து, பளபளக்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கண்டென்சர்களை வைத்துவிட்டால், செட் பேசும். ஆனால் திறந்து பார்க்கும் எவருக்கும் அது 1942-இல் செய்யப்பட்ட பொருளாகத் தெரியாது. இதற்குக் கைத்திறனுள்ளவர்கள் கண்ட மார்க்கம் ஒன்று உண்டு. தலைமயிர் உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றில் உருளையைச் சிறிது சிறிதாகச் சூடாக்கினால், இரண்டு முனைகளிலும் அடைத்திருக்கும் மெழுகு இளகும். அந்தத் தருணத்தில் ஒரு மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால், உள்ளிருக்கும் சுருள் வெளியே நழுவி வரும். காலியான காகிதக் கூட்டுக்குள் இன்றைய சிறிய கண்டென்சரை வைத்து, அதன் கால்களைப் பழைய இடத்தின் வழியே வெளியே இழுத்து, முன்பு எடுத்துவைத்த அதே மெழுகை உருக்கி வாயை அடைத்துவிடவேண்டும். வெளித் தோற்றம் அப்படியே இருக்கும். உள்ளே உயிர் புதியது. நான் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும், எந்தத் தேதியில் எது மாற்றப்பட்டது என்று எழுதிய நகத்தளவு காகிதத் துண்டு ஒன்றையும் சுருட்டி வைக்கிறேன். சுவடி பதிப்பிக்கும் பெரியோர், மூலபாடம் எது, பாடபேதம் எது என்பதை வாசகன் அறியும்படி குறித்து வைப்பார்களன்றோ? என் கைவேலை இடைச்செருகலாக ஆகிவிடக் கூடாது. நாளை இதைத் திறப்பவர் ஏமாறக் கூடாது.

ஒரு கண்டென்சருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அவசரக்காரர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றலாம். எனக்கோ, இந்த முக்கால் மணி நேரத்தைச் செலவிட விரும்பாதவர் பழைய செட்டைத் தொடாமல் விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் பேருபகாரம் என்று தோன்றுகிறது.

ரெசிஸ்டர்களின் சங்கதி இன்னும் நுட்பமானது. கரியைக் களிபோல் பிசைந்து செய்த அவை ஈரத்தினாலும் வயதினாலும் தம் அளவிலிருந்து ஏறிவிடுகின்றன. ஒரு லட்சம் ஓம் என்று குறித்தது ஒன்றரை லட்சமாக நிற்பதை நான் பலமுறை அளந்திருக்கிறேன். அவற்றின் வர்ணக் குறியீடும் இன்றைய பட்டைகளைப் போன்றதன்று. உடல் முழுவதும் பூசிய வர்ணம் முதல் எண். ஒரு முனையில் தோய்த்த வர்ணம் இரண்டாம் எண். நடுவிலுள்ள புள்ளி எத்தனை பூஜ்யம் என்பதைச் சொல்லும். மஞ்சள் உடலும் ஊதா முனையும் ஆரஞ்சுப் புள்ளியும் கண்டால் 47,000 ஓம் என்று வாசிக்கவேண்டும். இந்த முறை தெரியாமல் புதுக் கண்ணோடு பார்ப்பவர், நல்ல ரெசிஸ்டரைத் தப்பென்று கழற்றித் தப்பான ஒன்றை வைத்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. பிரிட்டனில் செய்த செட்டுகளில் ரப்பர் உறையிட்ட கம்பிகள் வேறு. தொட்டால் உறை பொடிப்பொடியாக உதிர்ந்து செம்புக் கம்பி நிர்வாணமாக நிற்கும். கீழ்த்திசை யுத்தகளங்களில் இதனினும் பெரிய சத்துரு பூஞ்சணம். பர்மாவின் மழைக்காட்டில் சில வாரங்களிலேயே செட்டின் உட்புறம் பச்சை பூத்துவிடுவதைக் கண்ட பின்பு, கருவியின் உள்ளங்கம் முழுவதும் பூஞ்சணத்தைத் தடுக்கும் வார்னிஷைத் தெளித்து அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. சென்னையின் உப்புக் காற்றில் வாழும் எனக்கு அந்த வார்னிஷின் அருமை நன்றாகத் தெரியும். அதைச் சுரண்டி எடுக்காமல், பற்றவைக்கும் இடத்தில் மட்டும் நீக்கி, வேலை முடிந்ததும் மீண்டும் பூசிவிடுகிறேன்.

அபாயங்களையும் மறைக்கக் கூடாது. விமானக் கருவிகளின் டயல்களில் இருளில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியம் இப்போது ஒளிர்வதில்லை என்பதனால் அது செத்துவிட்டதென்று எண்ணுவது பெரும் பிழை. ஒளி தரும் உப்புதான் தேய்ந்துபோயிற்று. ரேடியத்தின் பாதி அழிவதற்கு 1600 ஆண்டுகள் ஆகும். அந்தப் பூச்சைச் சுரண்டினால் தூசி நுரையீரலில் போய்ச் சேரும். கண்ணாடியைத் திறக்காமல் விட்டுவிடவேண்டும். சாசியின்மேல் பூசிய காட்மியம் வெண்மையாகவோ மஞ்சளாகவோ பொடித்திருந்தால் அதுவும் விஷம். ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுப்பும் வால்வுக்குச் செல்லும் 500 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம், செட்டை அணைத்த பிறகும் கண்டென்சர்களில் தங்கியிருக்கும். ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மற்றொரு கையால் மட்டும் சோதிக்கும் பழக்கத்தை எனக்குக் கற்பித்தவர் அந்தப் பெரியவரே.

முகப்பைப் பற்றித்தான் எனக்கும் நண்பர்களுக்கும் ஓயாத விவாதம். வர்ணத்தை முழுதும் நீக்கி, புதிதாகத் தெளித்து, எழுத்துக்களைப் புதுப்பித்துவிட்டால் காட்சிசாலைப் பொருள்போல ஜ்வலிக்குமே என்பது அவர்கள் கட்சி. கோயில் தூண்களை மணல் வீச்சால் சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துக்களும் மழுங்கிப்போன துயரத்தை நம் நாட்டில் பார்த்த பிறகும் எப்படி அந்த வார்த்தையைச் சொல்ல முடிகிறது என்பது என் கட்சி. ஒருநாள் பஞ்சை வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்து டயலின் ஓரத்து அழுக்கைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அழுக்கின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கீறல் தென்பட்டது. லென்ஸைக் கொண்டு பார்த்தேன். கீறல் அன்று, பென்சிலால் எழுதிய மூன்று இலக்கங்கள், பக்கத்தில் பாதி அழிந்த ஓர் எழுத்து. யாரோ ஓர் ஆபரேட்டர், உத்தரவு வந்த அலைவரிசையை மறந்துவிடாமல் இருக்க அவசரமாகக் குறித்துக்கொண்டது. இன்னும் ஒரு முறை அழுத்தித் துடைத்திருந்தால் அது என் பஞ்சோடு போயிருக்கும். அன்றோடு அந்த மூலையைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் அழுக்கு ஓர் அங்குல அகலத்துக்கு இப்போதும் இருக்கிறது.

டைனமோட்டார் என்பது இந்த செட்டின் இருதயம். 12 வோல்ட் பேட்டரியில் சுழன்று, வால்வுகளுக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உற்பத்தி செய்யும் சிறு யந்திரம். பேரிங்குகளின் கிரீஸ் அரக்குபோல் இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவி, புதுக் கிரீஸ் இட்டு, கார்பன் பிரஷ்கள் கம்யூட்டேட்டரின் வளைவோடு ஒட்டி உட்காரும்படி மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்தினேன். தை மாதத்து விடியற்காலை ஒன்றில், காற்று உலர்ந்திருந்த வேளையில், முதன்முறையாக அதை ஓடவிட்டேன். முதலில் ஒரு முனகல். அது மெல்ல மேலேறி, சங்கின் ஓசைபோல ஒரே சுருதியில் நின்றது. பிறகு ஒவ்வொரு வால்விலும் செந்நிறப் பொட்டு ஒளிர்ந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ‘ஏ’ செட்டின் டயலை 7 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பினேன்.

அந்தப் பட்டையில் காலை வேளைகளில் தென்னாட்டு அமெச்சூர் அன்பர்கள் பேசிக்கொள்வார்கள். இன்றைய முறையில், அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் அவர்களுடைய பேச்சு, இந்தப் பழைய செட்டுக்குப் புரியாத பாஷை; வாத்துக் கத்துவதுபோலத்தான் கேட்டது. மோர்ஸ் ஒலியைக் கேட்பதற்கென்று அமைந்த சுவிட்சைப் போட்டு, மயிரிழை அளவாகக் குமிழை நகர்த்த நகர்த்த, வாத்தின் கத்தல் தடித்து, நெளிந்து, திடீரென்று மனிதக் குரலாகத் திரண்டது: “இங்கே நல்ல பனி, ஐயா. அங்கே எப்படி?” கனடாவில் பூட்டி, ருஷ்ய எழுத்துப் பொறித்து, யுத்தத்துக்கென்று செய்த கருவியின் வழியாக வந்த முதல் தமிழ் வார்த்தைகள் அவை. உடனே பெரியவருக்கு டெலிபோன் செய்து ஹெட்ஃபோனை அதன் வாயருகே பிடித்தேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “டைனமோட்டார் சத்தம் கேட்கிறது தம்பி, அது இன்னும் கொஞ்சம் கேட்கட்டும்” என்றார்.

இங்கிலாந்தில் ராணுவ வானொலிகளைப் பேணும் சங்கத்தார் 3615 கிலோஹெர்ட்ஸில், பழைய முறையிலேயே, முழு அலையோடு, சனிக்கிழமைக் காலைகளில் ஒருவரையொருவர் அழைத்துப் பேசுகிறார்கள். பத்தொன்பதாம் நம்பர் செட்டுகள் அந்தச் சபையில் இன்றும் குரல் கொடுக்கின்றன. என் செட்டும் ‘ஏ’ பகுதியில் அனுப்பத் தயாராகிவிட்டது. அமெச்சூர் உரிமத்துக்கு உட்பட்ட அலைவரிசையில், தமிழ்நாட்டுக்குள் இரண்டு அன்பர்கள் அதன் குரலைக் கேட்டு, சற்றுக் கனத்த குரலாக இருக்கிறதென்று சொன்னார்கள்.

இனி ‘பி’ செட் பாக்கி. அந்த அலைவரிசையில் பேசுவதற்கு இன்று எவரும் இல்லை. பேசுவதற்கு எனக்கு உரிமமும் இல்லை. அதைத் தொடாமல் விட்டுவிடலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். லைல் தெருவில் வாங்கிய பையன்கள் முதலில் பிடுங்கி எறிந்தது எதுவோ அதுவே இந்தப் பெட்டியில் முழுசாகத் தப்பியிருக்கிறது; அதன் ரிசீவர் பகுதியாவது உயிர்பெறவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வேண்டிய ஈ.1148 வால்வு கிடைத்துவிட்டது. செய்தித்தாளில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஈரத்தில் அந்தக் காயில்களைத் திறப்பதற்கில்லை, தை பிறக்கட்டும்.